சாவியும் மாத்திரையும்

துபாய் அல் குசைஸில் எங்கள் லேபர் கேம்ப்பில் எல்லாருடைய பெட்டியிலும் பூட்டு தொங்கும். உள்ளே பெரிய புதையல் எதுவும் கிடையாது. ஊருக்குக் கொண்டுபோக வாங்கி வைத்த சோப்புக் கட்டி, சென்ட் பாட்டில், லீவில் போகும்போது போட ஒரு நல்ல சட்டை, அவ்வளவுதான். ஆனாலும் பூட்டுப் போடாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பூட்டே இல்லாத பெட்டி எங்கள் ரூமில் ஒன்றுதான் இருந்தது. அது பஸ் டிரைவருடையது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கூச்சப்படுவார். கேம்ப்பிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரைவிட மூத்தவர்கள்கூட அண்ணே என்றுதான் சொல்வார்கள். பரமக்குடிப் பக்கத்து ஆள். சின்ன உருவம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தால், எதிரே வருகிறவனுக்கு ஆளில்லாத பஸ் ஒன்று தானாக வருவது போலத் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, சீட்டில் மடித்த போர்வை, இரண்டும் இல்லாமல் அவர் வண்டி எடுத்து நான் பார்த்ததில்லை.

துபாய் முழுக்கக் கிரேன்கள் நின்ற காலம் அது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். உயரக் கட்டிடங்களுக்கு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் பொருத்துவது எங்கள் கம்பெனியின் வேலை. பட்டறை அல் கூஸில். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். அந்தக் கெத்தில் பஸ்ஸில் டிரைவருக்கு அடுத்த முன் சீட்டு எனக்கு. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "என்ன ஸ்டோரு, இன்னைக்கும் மூஞ்சி சரியில்லையே" என்பார். நான் காலையில் பேசப் பிடிக்காத ஆள். அவருக்கு அது தெரியும். தெரிந்தே பேசுவார்.

"எடுத்துக்க" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் சொல். ஊறுகாய் இருக்கா அண்ணே என்று கேட்டால், தலையைத் திருப்பாமலே "பொட்டியில இருக்கு, எடுத்துக்க" என்பார். பிளேடு, போன் கார்டு, தைலம், நூல், ஊசி எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் ரூமுக்குப் போகும். திரும்பி வந்ததா என்று பார்க்க மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை செல்வம் அவருடைய லீவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கப் போனான். செல்வம் எங்கள் ரூம்தான், எனக்கு மேல் கட்டில். தொங்கு தொட்டிலில் நின்று கண்ணாடி பொருத்துகிறவன். கல்யாணமான புதிதில் வந்துவிட்டதால் மாதம் ஒரு போட்டோ மனைவிக்கு அனுப்பியாக வேண்டும். சட்டை யாருடையது என்று நான் குத்திக்காட்டினேன். அவர் செல்வத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்கு இது இவ்வளவு எடுப்பா இருக்காது, வச்சுக்க என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஊருக்குப் போக அவருக்குச் சட்டை இல்லை.

இப்படி ஒரு மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக இருந்தார். மாத்திரை.

எங்கள் ரூமில் சுவரோரமாக ஒரு பால் பவுடர் டப்பா இருக்கும். பால் பவுடர் தீர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. அதில் இருப்பதெல்லாம் மாத்திரை. லீவில் போய் வருகிற ஒவ்வொருவனும் முறுக்கு கொண்டுவருவது போல மாத்திரையும் கொண்டுவர வேண்டும், அது கேம்ப் வழக்கம். ஊர் மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். இங்கே கிளினிக்கில் கிடைத்த மிச்சமும் அதிலேயே விழும். அட்டையைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போடுவதால் எதிலும் பெயர் முழுசாக இருக்காது. மஞ்சள் இடுப்புக்கு, வெள்ளை காய்ச்சலுக்கு, பச்சைக் கோடு போட்டது சளிக்கு என்று நாங்களே ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். ஒருத்தனுக்கு வலி என்றால் டப்பாவை நீட்டாமல் இருப்பது, தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அவர் அந்த டப்பாவில் ஒன்றும் போட மாட்டார், ஒன்றும் எடுக்க மாட்டார். தலைவலி என்றால் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிளினிக் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பார். படித்த விஷயம் ஒன்றும் இல்லை. தெரியாததை வாயில் போடக்கூடாது என்ற பிடிவாதம், அவ்வளவுதான். தெரியாவிட்டால் கேட்பார். கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. நாங்கள் டாக்டர் முன்னால் போனால், "ஜி சார், ஓகே சார்" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவோம். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். இது எதுக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, எத்தனை நாள், வலி போனா நிறுத்தலாமா, இதோட வேற எது சேரக்கூடாது என்று அவருடைய உடைந்த ஹிந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியாக ஒரு கேள்வி கண்டிப்பாக இருக்கும். "காடி சலா சக்தா?" வண்டி ஓட்டலாமா என்பது. வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

ஒரு நாள் அந்தப் பால் பவுடர் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். ஒன்று ஊரிலிருந்து வந்தது, இன்னொன்று இங்கே கொடுத்தது. எங்கள் ரூமில் ஒருத்தன் காய்ச்சலுக்கு இரண்டையும் சேர்த்து வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தான், ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று உடம்பு வலிக்கு என்று. கடைக்காரர் இரண்டையும் திருப்பிப் பார்த்து, நல்லவேளையாக உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் கத்தரிக்கப்படாமல் இருந்ததால், இரண்டும் ஒரே மருந்துதான், இப்படி இரட்டையாகப் போட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்று சொல்லி அனுப்பினார். இவர் ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார்.

"ஒரே ஆளுதான்டா. அங்க ஒரு பாஸ்போர்ட், இங்க ஒரு பாஸ்போர்ட். நீங்க ரெண்டு பேருன்னு நெனச்சு ரெண்டு பேருக்கும் சோறு போட்டுக்கிட்டு இருக்கீங்க."

ரூமே சிரித்தது. அந்தக் காய்ச்சல்காரனும் சிரித்தான். டப்பா மட்டும் அதே இடத்தில் இருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் நாங்கள் தூங்கிவிடுவோம். விடியும் முன்னே எழுந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அந்தப் பயணத் தூக்கம்தான் சொத்து. சைட் வரும்வரை நாற்பது தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அவர் பிரேக் போடுவது யாருக்கும் தெரியாது. அவ்வளவு பதமாகப் போடுவார். ஒரு நாள் நான் மட்டும் விழித்திருந்தேன். பின்னால் தூங்குகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"இவனுங்க தூங்குறது என் கண்ண நம்பித்தான் ஸ்டோரு. நான் எந்தக் கண்ண நம்பித் தூங்க முடியும்?"

அப்போது அதை அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தூங்கிவிட்டேன்.

அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது ஸ்டெப்னி டயரைத் தூக்கும்போது. யாராவது பிடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மூன்றாம் நாள் இறங்க முடியவில்லை, நாங்கள்தான் இறக்கினோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புத் தட்டு நகர்ந்திருக்கிறது என்று சொல்லி, வீரியமான வலி மாத்திரை ஒன்றைக் கொஞ்ச நாளுக்கு எழுதினார். வழக்கமான கேள்விகளை இவர் கேட்டார். கடைசிக் கேள்விக்கு டாக்டர், ஓட்டவே கூடாது, தூக்கம் சொக்கும் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நேராகக் கேம்ப் பாஸின் அறைக்குப் போனார். நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். பஸ் சாவியை மேசையில் வைத்தார். அதற்கப்புறம் தண்ணீர் கேட்டு வாங்கி, கேம்ப் பாஸின் கண் முன்னாலேயே மாத்திரையைப் போட்டார். கேம்ப் பாஸ் மலையாளி, நல்ல மனிதர், ஆனால் வண்டி ஓடாவிட்டால் அவர் தலைதான் உருளும். அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் எனக்கும் பட்டது. வலியோடு ஓட்டினாயே, இப்போது மாத்திரை போட்டு வலி போன பிறகு ஓட்ட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்றார்.

"வலி என்னைத் தூங்க விடாது சார். மாத்திரை தூங்க வச்சிரும். எது பஸ்ஸுக்கு நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

கேம்ப் பாஸ் சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார். இவர் எழுந்து நின்று, பேச்சு முடிந்தது என்பது போல, "சாவி புடிக்கிற கையில மாத்திரை கூடாது சார், கலாஸ்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாற்று டிரைவர் ஒருவன் வந்தான். அவன் பிரேக் போட்டால் பின் சீட்டுக்காரன் முன் சீட்டுக்கு வந்துவிடுவான். எல்லாரும் இவரைத்தான் திட்டினார்கள். ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு ஓட்டினால் என்ன கெட்டுவிடும், ஊரில் லாரிக்காரர்கள் எதையெல்லாம் போட்டு ஓட்டுகிறார்கள் என்று அவர் காதுபடவே பேசினோம். நானும் பேசினேன். படுத்திருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். ரொம்பச் சத்தம் போட்டால் மட்டும், பெட்டியில் மிக்சர் இருக்கு, எடுத்துக்க என்பார்.

முதுகு தேறிய பிறகு டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினார். சாவியை வாங்கிக்கொண்டார். அட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த மாத்திரைக்கு இந்த ஊர்ச் சட்டம் கெடுபிடியானது, மிச்சமிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடு என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். கொடுக்கலாம் என்று அவருடைய பெயர் ஒட்டிய பெட்டியோடு அப்படியே வைத்திருந்தார். எங்கே வைத்திருந்தார்? அந்தப் பூட்டில்லாத பெட்டியில்தான்.

செல்வத்துக்கு அப்போது வலது தோள் வலி. கண்ணாடியைத் தூக்கித் தூக்கி வந்தது. கையை மேலே தூக்கினால் முகம் கோணும். கிளினிக்குக்குப் போக மாட்டேன் என்றான். கம்பெனி டாக்டரிடம் போனால் லேசான வேலை கொடு என்று எழுதுவார், லேசான வேலை என்றால் அடுத்தது ஊருக்கு டிக்கெட் என்பது கேம்ப்பில் எல்லாருக்கும் இருந்த பயம். யாரையாவது உண்மையில் அப்படி அனுப்பினார்களா என்று கேட்டால் எவனும் பெயர் சொல்ல மாட்டான், ஆனால் பயம் இருந்தது. டப்பாவில் இருந்த மஞ்சளும் வெள்ளையும் அவன் தோளுக்குப் போதவில்லை. அதனால் இவரிடம் வந்தான். அண்ணே, அந்த வீரிய மாத்திரையில் ஒண்ணே ஒண்ணு என்றான்.

இவர் முடியாது என்றார். அந்த ரூமில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முதலாக அன்றுதான் கேட்டோம். வெள்ளிக்கிழமை நானே உன்னை வெளி டாக்டர்கிட்ட கூட்டிப்போறேன் என்றும் சொன்னார். செல்வத்துக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"உப்பு கேட்டா குடுக்கிறீங்க, ஊறுகா கேட்டா குடுக்கிறீங்க. சட்டையவே கழட்டிக் குடுத்தீங்க. ஒரு மாத்திரையில என்னண்ணே வந்துச்சு?"

"ஊறுகா ஊருக்கே போட்டது. இது எனக்கு எழுதினது. என் முதுகுக்கு எழுதினது உன் தோளுக்கு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதுடா. நீ நிக்கிறது தரையில இல்ல."

செல்வம் அன்று அவர் வைத்த குழம்பை ஊற்றிக்கொள்ளவில்லை. வெறும் தயிரோடு சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. நாங்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அவர் வழக்கத்துக்கு மாறாகக் கடைசியில் வந்தார். கையில் அந்த மாத்திரைப் பெட்டி. போகிற வழியில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்திருக்கிறார். சீட்டில் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஏதோ நினைத்தவர் போல அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று எங்கள் பக்கம் திரும்பினார். அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணைத் திறந்தார்கள்.

"என் பொட்டியில இருந்து யாரோ இந்த மாத்திரைய எடுத்திருக்கீங்க. யாருன்னு நான் கேக்கல. கேம்ப் பாஸுக்கும் சொல்ல மாட்டேன். ஆனா அது வயித்துக்குள்ள போயிருந்தா, அந்த ஆளு இன்னைக்கு மேல ஏறக்கூடாது. அவன் எங்கிட்ட வந்து சொல்ற வரைக்கும் வண்டி எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

 பஸ்ஸுக்குள் எல்லாரும் பொரிந்து தள்ள ஆரம்பித்தார்கள். லேட்டானால் அரை நாள் சம்பளம் போகும். ஒரு மாத்திரைக்காக இத்தனை பேர் வயிற்றில் அடிக்கிறாரே என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். சைட்டிலிருந்து ஃபோர்மேன் என் மொபைலுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், நான் எடுக்கவில்லை. கேம்ப் பாஸ் லுங்கியோடு ஓடி வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, யல்லா, யல்லா, கிளம்பு, என்ன பிரச்சினை என்றார்.  திருட்டு என்று ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்தால் அந்த ஆள் அத்தோடு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இவர் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வண்டியில ஒரு சின்னக் கோளாறு சார், பார்த்துட்டு எடுக்கிறேன் என்றார். கேம்ப் பாஸ் மெக்கானிக்குக்குப் போன் செய்யப் போய்விட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தனைத் தவிர. செல்வம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்கு எந்த மாடியில் வேலை என்று ஸ்டோர் கீப்பரான எனக்குத் தெரியும். அந்த மாடிக்கான கண்ணாடியை முந்தின நாள் நான்தான் அனுப்பியிருந்தேன். எழுந்து வா என்று அவனிடம் சொல்லலாமா என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவனே எழுந்தான். சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தான். நடை சரியில்லை. படிக்கட்டில் அவருக்கு மேலே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு வயிறு சரியில்லண்ணே. இன்னைக்கு நான் வரல."

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

"எத்தனடா?"

செல்வம் இரண்டு விரலைக் காட்டினான். வேறு ஏதாவது போட்டாயா என்று கேட்டதற்கு, சளிக்கு டப்பாவிலிருந்து ஒன்று என்றான். பச்சைக் கோடு போட்டது. அதன் அட்டைத் துண்டு அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதுவும் தூக்கம் வரவைப்பதுதான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போய்ப் படு என்று அவனை அனுப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. என்னை எழுப்பி என் சீட்டில் அவனை உட்கார வைத்தார். ஸ்டோரு, இவன் தூங்காம பேச்சுக் குடுத்துக்கிட்டே வா என்றார். காலையில் பேசப் பிடிக்காத என்னிடம் கொடுத்த வேலையைப் பாருங்கள். நான் நின்றுகொண்டே செல்வத்தின் மனைவி பெயரிலிருந்து அவன் ஊர்த் தேர்வரை கேட்டுக்கொண்டு வந்தேன். பஸ் அல் கூஸ் பக்கம் திரும்பவில்லை. நாற்பது பேரோடு நேராக ஒரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

டாக்டரிடம் இவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு எழுதினதை இவன் சாப்பிட்டுட்டான், இதோ அட்டை, இதோ சளி மாத்திரையின் துண்டு என்று மேசையில் வைத்தார். செல்வத்தைக் கட்டிலில் போட்டு, விரலில் ஏதோ மாட்டி, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வீரிய மாத்திரையோடு தூக்க மருந்து சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும், ரூமில் தனியாகப் படுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பிறகு இவரைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட மருந்தை யாரும் எடுக்கும்படியா வைப்பாய், பூட்டி வைக்கத் தெரியாதா என்று நன்றாகவே திட்டினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், அவர் சொன்னது சரிதான் ஸ்டோரு, எல்லாத்துக்கும் எடுத்துக்கன்னு சொல்லிட்டு இதுக்கு மட்டும் எடுக்காதன்னா அவன் என்ன பண்ணுவான் என்றார்.

எங்கள் எல்லாருக்கும் அரை நாள் போனது. ஃபோர்மேன் ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டுக் கேட்டான். பஸ்ஸில் கத்தியவன் உட்பட அத்தனை பேரும் வண்டிக் கோளாறு என்றுதான் சொன்னார்கள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு ஒருத்தன் கிளட்ச் என்றான், ஒருத்தன் ரேடியேட்டர் என்றான். கேம்ப் பாஸுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மெக்கானிக் வந்து பார்த்துப் பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை என்ற பிறகும் அவர் எதுவும் கேட்கவில்லை.

செல்வத்தின் தோளை அந்த டாக்டரே பார்த்து, கொஞ்ச நாள் ஓய்வு, அதற்கப்புறம் கீழே நின்று செய்யும் வேலை என்று எழுதிக் கொடுத்தார். டிக்கெட் வரவில்லை. பட்டறையில் கண்ணாடி வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். எனக்குப் பக்கத்தில்தான். அங்கே வந்த பிறகு அவனுக்கு வாய் நீண்டுவிட்டது, தொட்டிலில் தொங்கும்போது அமைதியாக இருந்தவன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரும் செல்வமும் மிச்சமிருந்த வீரிய மாத்திரையையும் பால் பவுடர் டப்பாவையும் அப்படியே மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். அதில் மிக்சர் போட்டு வைத்தார். வழக்கம் போல எடுத்துக்க என்றார். வரும் வழியில் இரண்டு பேருமாக ஒரு சின்ன டப்பாவும் குட்டிப் பூட்டும் வாங்கி வந்திருந்தார்கள். பெரிய பெட்டி அதற்கப்புறமும் திறந்தேதான் கிடந்தது. உள்ளே இனி வரும் மாத்திரைக்கு மட்டும் பூட்டு. அதன் சாவியைப் பஸ் சாவியோடு அவர் கோர்க்கவில்லை. செல்வத்தின் கழுத்துக் கயிற்றில் கட்டிவிட்டார். திருடினவன் கையில் சாவியா என்று நான் கேட்டேன். அவன்தான் இனிமே ஜாக்கிரதையா இருப்பான் என்றார். அப்படித்தான் இருந்தான். கேட்டால் அவருக்கே சட்டென்று கொடுக்க மாட்டான். சாப்பிட்டீங்களா, பஸ் சாவி எங்க என்று விசாரித்துவிட்டுத்தான் திறப்பான்.

முதுகு வலி அவரைவிட்டு முழுசாகப் போகவே இல்லை. பிறகு டாக்டர் கொஞ்சம் லேசான மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார், வலி தாங்காத நாளுக்கு மட்டும் என்று. ஆனால் அதிலும் தூக்கம் வரும். அதனால் சனியிலிருந்து வியாழன் வரை தைலமும் தலையணையும்தான். வலியோடு அவர் ஓட்டுகிற நாள் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பேச்சு குறைந்திருக்கும், பிரேக் மட்டும் எப்போதும் போலப் பதமாக இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி ஆள் இறங்கியதும் சாவியைக் கேம்ப் பாஸிடம் கொடுத்துவிட்டு வந்து கட்டிலில் உட்காருவார். செல்வம் கயிற்றைக் கழற்றுவான். வாரத்தில் வலியில்லாத இரவு அவருக்கு அந்த ஒன்றுதான். இப்படி வருஷக்கணக்கில் ஒரு மனிதர் எங்கள் தூக்கத்துக்காக வலியை வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கட்டத்தில் போதும் என்று அவரே விசாவைக் கேன்சல் பண்ணி வாங்கிக்கொண்டார். கிளம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்கால ஃப்ளைட். ஏர்போர்ட்டுக்குக் கம்பெனி பஸ்ஸே போனது, புது டிரைவரோடு. நானும் செல்வமும் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனோம். அந்தப் பஸ்ஸில் அவர் பயணியாக ஏறியது அன்றுதான். எந்த சீட்டில் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் முன் சீட்டில் அவரையும் பக்கத்துச் சீட்டில் செல்வத்தையும் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் போனேன்.

செல்வம் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சின்ன டப்பாவைத் திறந்து, மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினான். டாக்டர் சீட்டு பைக்குள்ள இருக்கு, ஏர்போர்ட்ல கேட்டா காட்டுங்கண்ணே என்றான். அவர் வாங்கவில்லை. கை சட்டைப் பைக்குப் போனது, பேண்ட் பைக்குப் போனது. எதையோ தேடினார். என்னண்ணே தேடுறீங்க என்று கேட்டேன்.

"சாவிய யாருகிட்டயாவது குடுத்துட்டுல்ல போடணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. புது டிரைவரின் கைக்குப் பக்கத்தில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தார். செவ்வாய்க்கிழமையில மாத்திரை, என்ன கொழுப்புடா எனக்கு என்று சொல்லிவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஷார்ஜா ரோட்டு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஆடி ஆடிச் செல்வத்தின் வலது தோளில் சாய்ந்தது. பழைய வலி பிடித்த அதே தோள். புது டிரைவர் ஒரு மேட்டில் வண்டியைத் தூக்கிப் போட்டான். செல்வம் முன்னால் எட்டி, சத்தம் வராமல், மெதுவாக ஓட்டச் சொல்லி, "பாய், ஆஹிஸ்தா" என்றான். டெர்மினல் வரும்வரை அவன் அந்தத் தோளை அசைக்கவில்லை.